ராஜமலைக்கு ஒரு காலைப் பொழுது: இரவிகுளம் தேசியப் பூங்கா

மூணாறுக்கு இரண்டு நாள் பயணமாகக் கிளம்புகிறவர்கள் கையில் வைத்திருக்கும் பட்டியலில் மாட்டுப்பட்டி அணை, எக்கோ பாயிண்ட், குண்டளை ஏரி, டாப் ஸ்டேஷன், தேயிலை அருங்காட்சியகம் ஆகியவற்றுக்கு நடுவே ராஜமலை என்று ஒரு பெயரும் இருக்கும். இரவிகுளம் தேசியப் பூங்காவில் பொதுமக்கள் சென்று பார்க்க அனுமதிக்கப்படும் பகுதி அது. என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்டியலில் உள்ள மற்ற எல்லாவற்றையும் அடித்துவிட்டு இது ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டாலும் அந்தப் பயணம் வீண்போகாது. மற்ற இடங்களுக்கு நடுவே ஒரு மணி நேரத்தைப் பிய்த்து இதற்குக் கொடுத்தாலோ, வரிசையில் நின்றதையும் பேருந்தில் ஏறி இறங்கியதையும் தவிர வேறெதுவும் மனதில் தங்காது.

பார்வையாளர்களுக்கான ஏற்பாடு எளிமையானது. மூணாறிலிருந்து மறையூர் வழியாக உடுமலைக்குச் செல்லும் சாலையில் அஞ்சாம் மைல் என்ற இடத்தில் நுழைவாயில் இருக்கிறது. நம் வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு, வனத்துறை இயக்கும் வாகனத்தில் தேயிலைத் தோட்டத்துக்குள் வளைந்து வளைந்து சில கிலோமீட்டர் மேலே செல்ல வேண்டும். இறங்கும் இடத்திலிருந்து மலைச்சரிவை ஒட்டி ஏறும் பாதையில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நடக்கலாம். பாதை முடியும் இடத்தில் திரும்பி, வந்த வழியே இறங்கி வர வேண்டும். அவ்வளவுதான். ஆனைமுடி உச்சிக்கு ஏற அனுமதி இல்லை, புல்வெளிக்குள் கால் வைக்க அனுமதி இல்லை, உள்ளே இரவில் தங்கிவிடலாம் என்ற பேச்சும் சாதாரணப் பயணிக்கு இல்லை.

“இவ்வளவு தூரம் வந்து, கட்டணமும் கட்டி, ஒரு கிலோமீட்டர் நடையா?” என்று அங்கே பலரும் அலுத்துக்கொள்வதைக் கேட்க முடியும். பூங்காவின் பரப்பு 97 சதுர கிலோமீட்டர். அதில் நமக்குக் கிடைப்பது ஒரு விளிம்பு மட்டும் என்பது உண்மைதான். ஆனால் அந்த விளிம்பில் நின்று நாம் பார்ப்பது இந்த அளவுக்குக் கெடாமல் இருப்பதற்கு அந்தக் கட்டுப்பாடே காரணம் என்பதால், இதைக் குறையாகக் கணக்கில் எடுக்க எனக்கு மனம் வரவில்லை. மூணாறைச் சுற்றியுள்ள கண்ணன் தேவன் மலைகளில் தோட்டம் போட்ட ஆங்கிலேயத் துரைமார் தேயிலைக்கு ஒவ்வாத இந்த உயர்ந்த புல்மேட்டைத் தங்கள் வேட்டைக்காடாக ஒதுக்கி வைத்திருந்தார்கள். 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் கேரள அரசு இந்த நிலங்களை எடுத்துக்கொண்டது. 1975இல் சரணாலயமாகவும், 1978இல் கேரளத்தின் முதல் தேசியப் பூங்காவாகவும் இது அறிவிக்கப்பட்டது. 2012இல் யுனெஸ்கோ மேற்குத் தொடர்ச்சி மலையை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றபோது அதில் சேர்க்கப்பட்ட இடங்களில் இரவிகுளமும் ஒன்று. மூணாறைச் சுற்றிலும் விடுதிகளும் சாலைகளும் பெருகிக்கொண்டே போகும் நிலையில், ஐம்பது ஆண்டுகளாக ஒரு மலைத்தொகுதியைக் கட்டடம் ஏறாமல் வைத்திருப்பது சிறிய காரியம் அன்று.

இந்த இடத்துக்கு வருவதற்கான முதல் காரணம் வரையாடு. தமிழ்நாட்டின் மாநில விலங்கு இது. ஆனால் இதை மிக எளிதாக, மிக அருகில் பார்க்கக் கிடைக்கும் இடம் எல்லைக்கு அந்தப் பக்கம் ராஜமலையில் இருக்கிறது. உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வாழாத இந்த விலங்கின் மிகப் பெரிய கூட்டம் இரவிகுளத்தில்தான் உள்ளது. நீலகிரியின் முக்கூர்த்தியிலோ வால்பாறைப் பக்கத்துப் பாறைமுகடுகளிலோ தொலைநோக்கி வைத்துத் தேட வேண்டிய உயிரினம் இங்கே பாதையோரத் தடுப்புச்சுவரை ஒட்டி மேய்ந்துகொண்டிருக்கும். தலைமுறை தலைமுறையாக மனித நடமாட்டத்தைப் பார்த்துப் பழகிய மந்தைகள் என்பதால் நம்மைக் கண்டு ஓடுவதில்லை.

ஒரு பெண் ஆட்டை நான் ஏழெட்டு அடி தூரத்தில் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பழுப்பும் சாம்பலும் கலந்த உடல், பின்னோக்கி வளைந்த மெலிந்த கொம்புகள், முன்னங்கால் முட்டியில் மயிர் தேய்ந்த காய்ப்பு. தலையைத் தூக்காமல் குட்டையான புல்லைப் பற்றி அறுக்கும்போது ‘கறுக் கறுக்’ என்ற ஒலி தெளிவாகக் கேட்டது. செங்குத்தான ஈரப்பாறையின் மேல் குட்டி ஒன்று நான்கு குளம்புகளையும் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் ஒடுக்கிக்கொண்டு நின்று, கீழே இருந்த தாயைப் பார்த்தது. பிறகு எவ்விதத் தயக்கமும் இன்றி இறங்கி வந்தது. மேலே சரிவில் எங்கிருந்தோ சீழ்க்கை அடிப்பது போன்ற எச்சரிக்கை ஒலி வந்ததும் மந்தை முழுவதும் ஒரே நேரத்தில் தலையை உயர்த்தி ஒரே திசையில் பார்த்தது. முதிர்ந்த கிடாக்கள் இந்த மந்தைகளோடு எப்போதும் இருப்பதில்லை. அடர்ந்த நிறமும் முதுகில் சேணம் போட்டது போன்ற வெள்ளிநிறப் பட்டையும் கொண்ட ஒரு கிடாவைப் பார்க்க வாய்த்தால் அது நல்வாய்ப்பு. நெடுங்காலமாக இமயமலையில் வாழும் தார் என்னும் காட்டாட்டுடன் ஒரே பேரினத்தில் வைக்கப்பட்டிருந்த இந்த விலங்கு மரபணு அளவில் செம்மறி இனத்துக்கே நெருக்கமானது என்று கண்டறிந்து, 2005இல் இதற்கெனத் தனிப் பேரினம் அமைத்தார்கள். வரையாடு என்று நாம் சொன்னாலும் அதன் உறவு வெள்ளாட்டோடு அன்று என்பதைப் பிள்ளைகளுக்குச் சொன்னால் ஆர்வத்தோடு கேட்பார்கள்.

இத்தனை அருகில் நிற்கக் கிடைப்பதாலேயே பார்வையாளர்களின் நடத்தை முக்கியமாகிறது. வரையாட்டைத் தொட முயல்வது, கையில் உள்ள தின்பண்டத்தை நீட்டுவது, படத்துக்காகக் குட்டிக்கும் தாய்க்கும் நடுவே போய் நிற்பது ஆகியவற்றைக் காவலர்கள் தொடர்ந்து கண்டிக்க வேண்டியிருக்கிறது. காவலர்களிலும் பணியாளர்களிலும் இந்த மலைகளின் பழங்குடியினரான முதுவர்கள் இருக்கிறார்கள். பூங்காவின் வடகிழக்கு மூலையில் லக்கம்குடி என்ற முதுவர் குடியிருப்பும் உள்ளது. மதுரையிலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்களின் வழிவழிக் கதை. அவர்கள் பேச்சு தமிழரான நமக்குப் பெரும்பாலும் புரியும். நின்று மரியாதையாக நான்கு வார்த்தை விசாரித்தால், எந்தச் சரிவில் அன்று காலை மந்தை மேய்ந்தது, மஞ்சு எந்நேரம் ஏறும் என்பன போன்ற, எந்தப் பலகையிலும் எழுதியிராத செய்திகள் கிடைக்கும்.

வரையாட்டுக்கு அடுத்து நான் சொல்ல விரும்புவது மலையைப் பற்றி. எதிரே கனத்து எழும் ஆனைமுடி 2,695 மீட்டர் உயரம். இமயத்துக்குத் தெற்கே இந்தியாவில் இதைவிட உயர்ந்த சிகரம் இல்லை. கூர்மையான உச்சியை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு முதல் பார்வையில் ஏமாற்றமாக இருக்கலாம். யானையின் மத்தகத்தைப் போல உருண்டு பரந்த பாறை அது. வெயில் சாயும் திசைக்கு ஏற்ப அதன் முகத்தில் கோடுகள் தோன்றி மறைவதைக் கொஞ்ச நேரம் நின்று கவனித்தால்தான் அதன் பருமன் புரியும். சரிவுகள் முழுவதும் புல். மலை மடிந்து நீர் கசியும் பள்ளங்களில் மட்டும் குட்டையான மரங்கள் நெருங்கிக் கருஞ்சோலையாக நிற்கின்றன. மழைநீரைப் புல்லும் சோலையும் உள்ளிழுத்துச் சிறுகச் சிறுக ஓடைகளில் விடுகின்றன. பூங்காவிலிருந்து கிழக்கே இறங்கும் பாம்பாறு அமராவதி அணைக்கு வந்து, உடுமலையும் தாராபுரமும் கரூரும் குடிக்கும் நீராகவும் வயலுக்குப் பாயும் நீராகவும் ஆகிறது. கொங்கு நாட்டிலிருந்து வருகிறவர்கள் இந்தப் புல்வெளியைப் பார்க்கும்போது தங்கள் ஊர் வாய்க்காலின் தலைமாட்டைப் பார்க்கிறார்கள் என்றே சொல்ல வேண்டும்.

குறிஞ்சியைப் பற்றிக் கேட்காதவர் இல்லை என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். பாதையின் இருபுறமும் நிற்கும் புதர்களில் நீலக்குறிஞ்சி உண்டு. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் இந்தச் செடிகள் 2006இலும் 2018இலும் இங்கே பூத்தன. அடுத்த பெரும் பூப்பு 2030இல். 2018 ஆகஸ்டில் கேரளத்தைப் புரட்டிப்போட்ட பெருவெள்ளம் மூணாறுச் சாலைகளை அறுத்துவிட்டதால், அவ்வாண்டு பூப்பைக் காணத் திட்டமிட்டிருந்த பலரால் வர முடியாமல் போயிற்று. பூத்ததும் செடி மடிந்துவிடும். இப்போது நாம் காண்பவை அப்போது உதிர்ந்த விதையிலிருந்து எழுந்த தலைமுறை. இடைப்பட்ட ஆண்டுகளில் குறிஞ்சிப் பூவைக் காட்டுவதாக யாராவது அழைத்தால், அது வேறொரு குறிஞ்சி வகையாகவோ வேறு மலையாகவோ இருக்கும் என்பதைத் தெளிவாகக் கேட்டுக்கொண்டு செல்லுங்கள்.

பயணத் திட்டத்துக்கு வருவோம். எல்லாவற்றுக்கும் முன்பாகப் பார்க்க வேண்டியது மாதம். வரையாடுகள் குட்டி ஈனும் பருவம் என்பதால் வழக்கமாக பிப்ரவரியிலும் மார்ச்சிலும் பூங்காவை மூடிவிடுகிறார்கள். அந்த இரண்டு மாதங்களில் மூணாறுக்கு அறை பதிவு செய்துவிட்டு, நுழைவாயிலில் மூடிய கதவைப் பார்த்துத் திரும்பும் குடும்பங்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும். மஞ்சு படிந்துவிட்டால் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது, சாலைகளில் மண்சரிவு அபாயமும் உண்டு. கிறிஸ்துமஸ் முதல் பொங்கல் வரையிலும், மே மாதத்திலும், ஓணம், பூஜை விடுமுறைகளிலும் நுழைவாயிலில் நிற்கும் கூட்டம் மலையைப் பார்க்கும் மனநிலையையே கெடுத்துவிடும். என் பரிந்துரை ஏப்ரல் முதல் பாதியின் வார நாள்கள். கதவு திறந்து சில நாள்களே ஆகியிருக்கும், பள்ளித் தேர்வுகள் முடியாததால் தமிழ்நாட்டுக் கூட்டமும் சேர்ந்திருக்காது, இரண்டு மூன்று மாதக் குட்டிகள் தாயைச் சுற்றித் துள்ளிக்கொண்டிருக்கும். அந்தக் காட்சிக்கு ஈடாக வேறு எந்த மாதத்தையும் என்னால் சொல்ல முடியவில்லை. அது முடியாதவர்களுக்கு, மழை ஓய்ந்து புல் பச்சையாக இருக்கும் செப்டம்பர் பிற்பகுதி ஏற்றது.

அடுத்தது நேரம். காலையில் புறப்படும் முதல் வாகனங்களில் இடம் பிடிப்பதுதான் இந்தப் பயணத்தின் வெற்றி. காலை வெளிச்சத்தில் மலைமுகம் துலக்கமாக இருக்கும், மந்தைகள் பாதையருகே மேய்ந்துகொண்டிருக்கும், நண்பகலுக்குப் பின் பல நாள்களில் மேகம் இறங்கிவிடும். நுழைவுச்சீட்டை இணையத்தில் நேரம் குறித்து முன்பதிவு செய்யும் வசதி இருக்கிறது; அதைப் பயன்படுத்துகிறவருக்கும், நேரில் வரிசையில் நிற்கிறவருக்கும் விடுமுறை நாள்களில் பெரிய வேறுபாடு உண்டு. கட்டணமும் திறப்பு நேரமும் அவ்வப்போது மாற்றப்படுவதால் புறப்படும் வாரத்தில் பூங்காவின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

இங்கே ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும்; பூங்காவோடு அதற்குத் தொடர்பில்லை. நாங்கள் தங்கிய விடுதியில், பெயர் வேண்டாம், வாடகை வண்டியோடு சேர்த்து ஒரு நாள் சுற்றுத் திட்டம் ஒன்றைக் கொடுத்தார்கள். அதில் ஏழெட்டு இடங்கள். ராஜமலை பிற்பகல் மூன்று மணிக்கு, அதுவும் ஒரு மணி நேரத்துக்கு. காலையில் முதலில் அழைத்துச் செல்வதாகச் சொல்லியிருந்தவை ஒரு சாக்லேட் கடை, ஒரு மசாலாத் தோட்டம், பிறகு கட்டணம் கட்டி ஏறும் ஊஞ்சல். வரிசையை மாற்றச் சொன்னபோது, “எல்லாரும் இப்படித்தான் சார் போறாங்க” என்ற பதில்தான் வந்தது. கடைசியில் காலை முழுவதையும் ராஜமலைக்கு என்று எழுதி வாங்கிக்கொண்ட பிறகே முன்பணம் கொடுத்தோம். மூணாறில் இப்படிப்பட்ட திட்டங்களை விற்கும் இடங்கள் ஏராளம். ஓட்டுநரிடம் முதல் நாள் மாலையே பேசி, விடிந்ததும் அஞ்சாம் மைலில் இறக்கிவிட வேண்டும் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். தனி வண்டி வேண்டாம் என்றால் மூணாறிலிருந்து மறையூர், உடுமலைப் பக்கம் செல்லும் பேருந்துகள் நுழைவாயில் வழியாகவே போகின்றன.

நடை கடினமானது அல்ல. தளம் போட்ட பாதை, மெல்ல ஏறுகிறது. மூட்டுவலி உள்ள என் அத்தை கைத்தடியோடு இடையிடையே நின்று நின்று மேல்வரை வந்தார்கள். இருந்தாலும் காற்று ஊதும், திடீரென்று தூறும். முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் காது மூடும் குல்லாவும் மழைச்சட்டையும் கட்டாயம் தேவை. மேலே சிற்றுண்டிக் கடை, கழிப்பறை, சிறிய தகவல் மையம் ஆகியவை இருக்கின்றன. தகவல் மையத்தை நடைக்கு முன்பே பார்த்துவிட்டால் சரிவில் எதைத் தேட வேண்டும் என்பது தெரியும். பறவை பார்ப்பவர்கள் நீலகிரி நெட்டைக்காலியைப் புல்லிலும், கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பானைச் சோலை விளிம்பிலும் தேடலாம். ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்களை உள்ளே கொண்டுபோகாதீர்கள்; தண்ணீருக்கு எவர்சில்வர் குப்பி போதும்.

ராஜமலைக்கு வருகிறவர்கள் அறிந்திருக்க வேண்டிய மற்றொன்று பெட்டிமுடி. சுற்றுலாப் பாதைக்கு அப்பால், முதுவர் குடியிருப்பான இடமலைக்குடிக்குச் செல்லும் வழியில் உள்ள அந்தத் தேயிலைத் தோட்டக் குடியிருப்பின் மேல் 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு மலை சரிந்து 70 பேர் மாண்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தூத்துக்குடி மாவட்டத்தின் கயத்தாறு போன்ற ஊர்களை வேராகக் கொண்ட தமிழ்த் தொழிலாளர்கள். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான தோட்ட லயங்களைத் தாண்டி வாகனம் ஏறும்போது பசுமையை மட்டும் படமெடுக்கிறோம். அந்தப் பசுமையைக் கொழுந்து கொழுந்தாகக் கிள்ளி எடுக்கும் மக்கள் எத்தகைய சரிவுகளின் அடியில் குடியிருக்கிறார்கள் என்பதையும் நின்று பார்க்க வேண்டும். கொழுந்து பறிப்பவர்களை அனுமதி கேட்காமல் படம் எடுக்காதீர்கள். நம் மொழி பேசுகிறவர்கள், கேட்டால் பேசுவார்கள்.

எந்த வழியில் வருவது என்பதையும் பூங்காவை வைத்தே தீர்மானிக்கலாம். மதுரை, தேனி பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்குப் போடி வழிதான் அருகில். போடிமெட்டுக்கு ஏறும் 17 கொண்டை ஊசி வளைவுகளும், பூப்பாறைக்குப் பிறகு ஏலத்தோட்டங்களும், தேவிகுளத்தை ஒட்டிய கேப் ரோடும் தனி அழகு. மழைக்காலத்தில் கேப் ரோட்டில் பாறை சரியும் என்பதால் நிலவரத்தைக் கேட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும். கோவை, திருப்பூர், ஈரோட்டுக்காரர்கள் உடுமலை, சின்னாறு, மறையூர் வழியாக வரலாம். எனக்கு இந்த இரண்டாவது வழியே பிடித்தது. ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் வறண்ட முட்காட்டிலும் சின்னாறு சரணாலயத்திலும் தொடங்கி, மறையூரின் சந்தனக் காட்டையும் கரும்புத் தோட்டங்களையும் கடந்து, தேயிலைச் சரிவுகள் வழியாக ராஜமலையின் குளிர்ந்த புல்வெளிக்கு ஏறும் அந்தச் சாலையில், ஒரே காலையில் மழைமறைவு நிலத்திலிருந்து மழை பொழியும் முகடு வரை போய்விடுகிறோம். யானைகள் சாலையைக் கடக்கும் காடு என்பதால் இருட்டுவதற்கு முன் இந்தப் பகுதியைக் கடந்துவிட வேண்டும். சோதனைச்சாவடிகளும் இரவில் வண்டிகளை விடுவதில்லை.

ஆகவே, கொங்குப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்லும் இரண்டு நாள் திட்டம் இது. முதல் நாள் வேறு வழியாகவோ இதே வழியாகவோ பிற்பகலில் மூணாறு சேர்ந்து, ஊருக்குள் சும்மா நடந்து, சீக்கிரம் உறங்கிவிட வேண்டும். மறுநாள் அறையைக் காலி செய்து, சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு, முதல் வாகனத்தில் ராஜமலை ஏற வேண்டும். அவசரம் இல்லாமல் மூன்று மணி நேரம் மேலே இருந்துவிட்டு இறங்கினால், அதே சாலையில் பூங்காவின் ஓடை விழும் லக்கம் அருவியைப் பார்த்து, மறையூரில் மதியச் சாப்பாட்டை முடித்து, புவிசார் குறியீடு பெற்ற மறையூர் வெல்லத்தை ஆலையிலேயே வாங்கிக்கொள்ளலாம். நேரம் இருந்தால் பாறைமேட்டில் உள்ள முனியறைகள் என்னும் பழங்கால ஈமக் கற்திட்டைகளையும் பார்த்துவிட்டு, நான்கு மணிக்கு முன்னதாகச் சின்னாறு சோதனைச்சாவடியைத் தாண்டிவிடுங்கள்.